கல் பங்களாவும் கரணையும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்

உதகை அரசு கலைக் கல்லூரியில் பயிலும் நாம் நாள்தோறும் ஒரு குன்றின் மீது ஏறி வருகிறோம். அதற்கு ஸ்டோன் ஹவுஸ் குன்று என்று பெயர். 1822ஆம் ஆண்டில், அன்றைய கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் இங்கே ஒரு கல் வீடு கட்டத் தொடங்கினார். உதகையில் ஐரோப்பியர் ஒருவர் எழுப்பிய முதல் வீடு அதுவே. மலை மக்கள் அதைக் ‘கல் பங்களா’ என்று அழைத்தனர். பிற்காலத்தில் அந்தக் குன்று சென்னை மாகாண அரசின் கோடைக்கால அலுவலகமாயிற்று. 1955 முதல் கல்லூரி. இவ்வளவும் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே நம் எல்லாருக்கும் சொல்லப்படுவதுதான். நான் எழுத வந்தது வேறு. ஒரு வீடு காலப்போக்கில் எப்படி மாறுகிறது, அந்த மாற்றத்தைச் சுவரைப் பார்த்தே எப்படி அறிவது, எந்த மாற்றம் வீட்டைக் காக்கிறது, எது கெடுக்கிறது என்பவற்றைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்ல விரும்புகிறேன்.

எனக்குத் தெரிந்தது என்றேன். அதில் பாதி என் தந்தைக்குத் தெரிந்தது. அவர் கோத்தகிரியில் கொத்தனார். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. அம்மா தேயிலை பறிக்கச் செல்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

சேர்க்கை நாளன்று அப்பா என்னுடன் வந்தார். கோத்தகிரியிலிருந்து கட்டபெட்டு வழியாகப் பேருந்தில் வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. படிவங்களைக் கொடுக்க நான் வரிசையில் நின்றேன். அப்பா உள்ளே வரக் கூச்சப்பட்டு வெளியிலேயே நின்றுவிட்டார். நான் திரும்பி வந்தபோது அவர் பழைய கட்டடத்தின் ஒரு மூலையில் சுவரைக் கையால் தடவிக்கொண்டிருந்தார். “இங்க பாரு கண்ணு. இந்தப் பக்கம் ஒரு ஆளு கட்டினது, அந்தப் பக்கம் வேற ஆளு கட்டினது. நடுவுல ரொம்ப வருசம் இருக்கு” என்றார். சுவடி படிப்பவர் போல அவர் கல்லைப் படித்தது எனக்கு அன்று வேடிக்கையாக இருந்தது. கட்டணம் எவ்வளவு என்று கேட்காமல் கல்லைப் பற்றிப் பேசுகிறாரே என்று சற்றுக் கோபமும் வந்தது.

சல்லிவன் நீலகிரியில் கட்டிய முதல் வீடு உதகையில் இல்லை. எங்கள் கோத்தகிரிப் பக்கம் இருக்கிறது என்பது நண்பர்கள் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். 1819இல் அவர் மலையேறி வந்து திம்பட்டி அருகில் தங்கினார். அங்கே கன்னேரிமுக்கு என்னும் படுகர் ஊரில் அவர் அமைத்த வீட்டைப் ‘பெத்தகல் பங்களா’ என்கின்றனர். குன்னூர்ப் பாதை வராத காலம் அது. சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்கு வரும் மலைப்பாதையே 1821க்கும் 1823க்கும் இடையில்தான் மக்பெர்சன் என்ற படை அதிகாரியின் மேற்பார்வையில் அமைந்தது. ஆகவே தொடக்க நாட்களில் இங்கே வந்த ஒவ்வொரு பொருளும் ஆள் தலையிலோ, மாட்டின் முதுகிலோதான் ஏறி வந்திருக்க வேண்டும்.

இதைக் கட்டடக் கண்ணோடு பாருங்கள். நீலகிரி மலை சார்னோக்கைட் என்ற கடினமான பாறையால் ஆனது. (கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு வைத்த கல் இந்த வகையைச் சேர்ந்தது என்பதால் அந்தப் பெயர் வந்தது. அந்தக் கல் பல்லாவரம் பக்கத்திலிருந்து போனதாம்.) இங்கே கல்லுக்குப் பஞ்சமில்லை, மண்ணுக்கும் மரத்துக்கும் பஞ்சமில்லை. சுண்ணாம்புக் கல் மட்டும் கிடையாது. அது சமவெளியிலிருந்துதான் வர வேண்டும். எனவே மலையில் பழைய வீடு கட்டியவன் சுண்ணாம்பைச் சிக்கனமாகச் செலவிட்டான். சுவரின் உள்வயிற்றில் மண் சாந்து, வெளி மூட்டுகளில் சுண்ணாம்புச் சாந்து என்று வைத்துக் கட்டிய சுவர்களை அப்பா பலமுறை பிரித்திருக்கிறார்.

சல்லிவன் உதகைக்குக் குடிபெயர்ந்தார். தோடர்களிடம் ஏக்கருக்கு ஒரு ரூபாய் கொடுத்து நிலம் வாங்கினார் என்று வரலாறு கூறுகிறது. ஒரு ரூபாய்! பின்னாளில் தோடர்களின் நில உரிமைக்காக மேலிடத்தோடு வாதாடியவரும் அவரே என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். அவர் போன பிறகு கன்னேரிமுக்கு வீடு பல கைகள் மாறி, கவனிப்பாரற்று, நம் காலத்தில் இடிபாடாக நின்றது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மாவட்ட நிர்வாகத்தின் முயற்சியால் அது செப்பனிடப்பட்டது. இன்று நீலகிரி ஆவண மையத்தின் காட்சிக்கூடம் அங்கே இருக்கிறது. செந்நிறச் சுவரும் மாடியும் கொண்ட அந்தச் சிறு வீட்டைப் பார்க்கும் எவரும், ‘ஒரு கலெக்டர் இவ்வளவு சிறிய வீட்டிலா இருந்தார்’ என்று வியக்காமல் இரார்.

ஒரே மனிதர் கட்டிய இரண்டு வீடுகள். ஒன்று கைவிடப்பட்டது, அதனால் பெரிதாக மாறவில்லை, மாறாததாலேயே இடிந்தது. மற்றொன்று ஓயாமல் பயன்பட்டது, அதனால் நிலைத்தது, ஆனால் அதைச் சுற்றி மேலும் மேலும் கட்டியதில் முதல் வீடு எது என்று தேட வேண்டியதாயிற்று. ஒரு குடும்பம் வாழும் வீட்டுக்குக் கூடமும் படுக்கையறையும் கணப்பு அடுப்பும் போதும். அரசாங்க அலுவலகத்துக்கு வரிசையாக அறைகள் வேண்டும், சேவகர் காத்திருக்க நீண்ட தாழ்வாரம் வேண்டும், கோப்புகள் நனையாத இடம் வேண்டும். கல்லூரிக்கோ ஐம்பது பேர் உட்காரும் அறையும், கரும்பலகை மீது விழும் வெளிச்சமும் வேண்டும். கேட்பவர் மாறும்போதெல்லாம் கொத்தனாரைக் கூப்பிடுகிறார்கள்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதன்று. இங்கிலாந்தில் பக்கிங்ஹாம்ஷயர் பகுதியில் ஸ்டோ என்றொரு மாளிகை உண்டு. 1677இல் சர் ரிச்சர்ட் டெம்பிள் அதை ஒரு செங்கல் வீடாகத் தொடங்கினார். அவருடைய வழியினர் நூறாண்டு காலம் அதற்குச் சிறகு சேர்த்தனர், தூண் நிறுத்தினர், முகப்பை மாற்றினர். வான்புரூ, வில்லியம் கென்ட், ராபர்ட் ஆடம் என்று அக்காலத்தின் பெரும் கட்டடக் கலைஞர்களின் கைகளெல்லாம் அந்த இடத்தில் பட்டன. 1770களில் தெற்கு முகப்பு முழுவதும் புதிதாயிற்று. இவ்வளவுக்கும் பழைய செங்கல் வீடு முற்றிலும் இடிக்கப்படவில்லை. புதிய அங்கிக்குள் பழைய உடம்பாக உள்ளேயே நின்றது. ஆடம்பரம் கடனில் முடிந்தது. 1848இல் மாளிகையின் தட்டுமுட்டுச் சாமான்கள் எல்லாம் ஏலத்துக்கு வந்தன. அந்தக் கடனாளிப் பிரபுவின் மகன்தான் மூன்றாம் பக்கிங்ஹாம் கோமகன். 1875 முதல் 1880 வரை சென்னை மாகாண ஆளுநர். சென்னையின் பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் பெயர் தந்தவர். உதகையில் தாவரவியல் பூங்காவுக்கு மேலே ஆளுநர் மாளிகையைக் கட்டுவித்தவரும் அவரே. 1876-78 தாது வருடப் பஞ்சத்தில் சமவெளி மக்கள் மடிந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் அந்த மாளிகை வேலை நடந்தது என்பதை நினைக்கும்போது, அதன் அழகை ரசிக்க மனம் ஒப்பவில்லை. இருக்கட்டும். ஸ்டோ மாளிகை 1923இல் பள்ளிக்கூடமாயிற்று. கல் பங்களா 1955இல் கல்லூரியாயிற்று. பிரபுக்களின் வீடுகள் கடைசியில் படிப்பவர் கைக்கு வருவது எனக்கு மகிழ்ச்சியே.

இனி, சுவரைப் படிக்கும் முறைக்கு வருகிறேன். முதற்பாடத்தை எங்கள் வீட்டிலேயே கற்கலாம். முன்னறை என் தாத்தா மண் கல்லால் கட்டியது. பின்னறையை நான் பத்தாம் வகுப்புத் தேறியபோது, ‘படிக்க ஓர் இடம் வேண்டுமே’ என்று அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் ஹாலோ பிளாக் கல்லால் கட்டினார். இரண்டு சுவரும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழாக நேர்க்கோடு போல ஒரு வெடிப்பு உண்டு. ஒவ்வொரு மழைக்கும் அது திறக்கும். ஒவ்வொரு தைக்கும் அப்பா அடைப்பார். சேர்த்துக் கட்டும் சுவரில் ஒரு வரியின் மூட்டு அடுத்த வரிக் கல்லின் நடுவில் வர வேண்டும். கல்லும் கல்லும் கை கோத்தது போல இருக்கும். பின்னால் ஒட்டவைத்த சுவரில் அந்தக் கோப்பு இராது. மூட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நேரே இறங்கும். எந்தப் பழைய கட்டடத்திலும் இந்த நேர்க்கோட்டைக் கண்டால், அங்கே ஒரு காலம் முடிந்து மற்றொரு காலம் தொடங்குகிறது என்று கொள்ளலாம். கல்லூரிச் சுவரில் அப்பா தடவிக்கொண்டிருந்தது அதைத்தான்.

அடைத்த வாசலையும் கண்டுபிடிக்கலாம். வாசலுக்கு மேலிருந்த வளைவுக் கல் போகாமல் சுவருக்குள்ளேயே நிற்கும். அதன் கீழே வேறு அளவுக் கல் நிரம்பியிருக்கும். கூரைக்கு மேல் புகைபோக்கி இருந்து உள்ளே கணப்பு அடுப்பு இல்லையென்றால், அறையை இரண்டாகத் தடுத்திருக்கிறார்கள், அல்லது அடுப்பை அடைத்திருக்கிறார்கள். கோத்தகிரிப் பங்களாக்களில் பலவற்றுக்குக் கண்ணாடி போட்ட தாழ்வாரம் உண்டு. அவற்றுட் சில தொடக்கத்தில் திறந்த தாழ்வாரங்களாகவே இருந்திருக்க வேண்டும். சமவெளி வெயிலுக்குப் பழகியவர் தாழ்வாரம் வைத்துக் கட்டினார். மலைக் குளிரில் ஒரு டிசம்பர் கழிந்ததும் கண்ணாடி போட்டார். தரையைப் பார்த்தால் தெரிந்துவிடும்: நீர் வடிய வெளிப்பக்கம் சற்றே சரிந்திருக்கும். வீட்டுக்குள் இருக்கும் அறைக்கு எதற்குச் சரிவு?

கூரை ஒரு தனி வரலாறு. முதலில் புல் வேய்ந்தார்கள். 1865இல் பாசல் மிஷனார் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பின், மங்களூர் ஓடு தென்னாடெங்கும் பரவிற்று. ரயில் 1899இல் குன்னூர் வரையிலும் 1908இல் உதகை வரையிலும் ஏறியபின் ஓடும் நெளித் தகரமும் எளிதாக மலைக்கு வந்தன. கூரையின் எடை மாறினால் கைமரத்தின் இடைவெளியும் மாற வேண்டும். பரணுக்குள் நுழைந்து உத்தரத்தைப் பார்த்தால், பழைய கைமரம் உட்கார்ந்த வெட்டுப் பள்ளங்கள் வெறுமையாக இருக்கும். ‘வீட்டோட வயசு பரண்லதான் இருக்கு’ என்பார் அப்பா.

இதுவரை சொன்ன மாற்றங்கள் எல்லாம் வீட்டின் உருவத்தை மாற்றியவை. உயிரையே மாற்றியது சிமெண்டு. 1914இல் போர்பந்தரில் சிமெண்டு உற்பத்தி தொடங்கியது. 1934இல் நம் மலையடிவாரத்துக்கு அப்பால் மதுக்கரையிலேயே ஆலை வந்துவிட்டது. அதன் பிறகு பழைய சுவரைச் செப்பனிட யாரும் சுண்ணாம்பைத் தேடவில்லை.

இங்கே எங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது, ஒரு பழைய கல் பங்களாவின் வெளிச்சுவர் முழுவதற்கும் சிமெண்டுப் பூச்சு வைக்கும் வேலை அப்பாவுக்குக் கிடைத்தது. எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் அடிக்கும் வடகிழக்கு மழைதான் கடுமை. கிழக்குச் சுவரில் சாந்து உதிர்கிறது, மேலே பூசிவிடு என்றார் உரிமையாளர். “சுண்ணாம்புலயே பண்ணலாமுங்க” என்று அப்பா ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். ஏன் என்று கேட்டபோது அவருக்கு விளக்கத் தெரியவில்லை. ரசமட்டம் வைத்து, தூக்குக்குண்டு விட்டு, கண்ணாடி போலப் பூசிக் கொடுத்தார். அடுத்த இரண்டு மழைக்குள் உட்சுவர் ஈரம் கோத்து, சாயம் கொப்புளம் கொப்புளமாக உரிந்து, மர நிலைகளில் பூஞ்சை படர்ந்தது. “மணலைக் கூட்டி சிமெண்டைக் குறைத்து ஏமாற்றிவிட்டாய்” என்றார் உரிமையாளர். பாக்கிக் கூலி வரவில்லை. அதைவிட, அந்தச் சொல் கடைத்தெரு முழுவதும் பரவியது. ஓராண்டுக் காலம் அப்பாவைப் பங்களா வேலைக்கு யாரும் கூப்பிடவில்லை. அப்பா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. “சுவரும் மூச்சு விடணும் கண்ணு, நான் அடைச்சுப்புட்டேன்” என்று மட்டும் என்னிடம் ஒருநாள் சொன்னார். தவறு தன்னுடையது என்றே அவர் நம்பினார்.

அவர் ‘மூச்சு’ என்றதை நான் உவமை என்று எண்ணியிருந்தேன். வேதியியல் வகுப்பில்தான் அது உவமையன்று, உண்மை என்று உணர்ந்தேன். சுண்ணாம்புக் கல்லைச் சுட்டால் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சுகிறது. அதை நீற்றினால் கொதித்துப் பொங்கி நீற்றிய சுண்ணாம்பாகிறது. மணலோடு அரைத்துச் சுவரில் வைத்தபின், அது மெல்ல மெல்லக் காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு மறுபடியும் கல்லாகிறது. கல்லிலிருந்து புறப்பட்டுக் கல்லிலேயே வந்து முடிகிறது. இதற்கு மாதங்களும் ஆண்டுகளும் ஆகும். இவ்வாறு இறுகிய சாந்து முழுவதும் நுண்துளைகள். சார்னோக்கைட் கல் நீரை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. எனவே கல் சுவருக்குள் புகுந்த மழை ஈரம் வெளியேற வேண்டுமானால், மூட்டுகளில் உள்ள சாந்து வழியாகத்தான் வெளியேற வேண்டும். மழையில் குடித்து, வெயிலில் விட்டுவிடும். சுவரின் மூக்குத் துவாரம் அந்த மூட்டுதான்.

சிமெண்டோ நீருடன் வினைபுரிந்து விரைவாக இறுகுவது, அடர்த்தியானது, வளைந்து கொடுக்காதது. மண் சாந்து வைத்த பழைய சுவர் குளிருக்கும் வெயிலுக்கும் ஏற்பச் சிறிது அசையும். மேலே ஒட்டிய சிமெண்டு அசையாமல் மயிரிழை போல வெடிக்கும். அந்த இழை வழியே மழை நுழைந்துவிடும். திரும்பி வர வெளிப்பக்கம் வழியில்லை. ஆகவே ஈரம் உட்பக்கம் நகர்கிறது. உட்சுவர் கொப்புளிக்கிறது. கலவையில் மணல் கூடினாலும் குறைந்தாலும் முடிவு இதுவாகவே இருந்திருக்கும். இன்னும் சொல்லப்போனால், அப்பா சிமெண்டைத் தாராளமாகப் போட்டு நேர்மையாக வேலை செய்ததால்தான் சுவர் இன்னும் இறுக்கமாக மூடிக்கொண்டது!

இதை உறுதி செய்ய, கோத்தகிரியில் இடித்த ஒரு பழைய வீட்டிலிருந்து உதிர்ந்த சாந்துக் கட்டி ஒன்றை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தேன். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டதும் நுரைத்துப் பொங்கிற்று. துள்ளிக் குதித்தேன். பேராசிரியர் சிரித்துவிட்டு, “பழைய சிமெண்டுச் சாந்தும் ஓரளவு நுரைக்குமே, நுரையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லலாமா?” என்றார். உண்மைதான். பிறகு நானே ஓர் எளிய வழி கண்டேன். சுண்ணாம்புக் கட்டி ஒன்று, சிமெண்டுக் கட்டி ஒன்று. இரண்டையும் நன்கு உலர்த்தி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு சொட்டு நீர் விட்டேன். சுண்ணாம்பின் மேல் விழுந்த சொட்டு உடனே மறைந்தது. சிமெண்டின் மேல் விழுந்தது சற்று நேரம் முத்துப் போல நின்றது. பெரிய ஆராய்ச்சி அன்று. ஆனால் இதை வீட்டிலும் செய்து காட்ட முடியும்.

அன்று மாலை வீட்டில் காட்டினேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். அப்பா சொட்டு நீரையே வெகுநேரம் பார்த்தார். “அப்ப கலவை சரிதானா?” என்று கேட்டார். சரிதான் என்றேன். மறுபடியும் கேட்டார். மறுபடியும் சரிதான் என்றேன். பிறகு எழுந்துபோய்க் கரணையைக் கழுவத் தொடங்கினார். அது ஏற்கெனவே கழுவி வைத்ததுதான்.

பழைய கட்டடத்தை மாற்றவே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். மாற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்பதைக் கன்னேரிமுக்கு காட்டிவிட்டது. ஸ்டோ மாளிகையின் முகப்பை மாற்றியவர்களும், கல் பங்களாக் குன்றில் தாழ்வாரம் சேர்த்தவர்களும் வீட்டைக் கொல்லவில்லை. முன்பிருந்த சுவர் எதனால் ஆனது என்று தெரிந்து அதற்கு இசைவாகச் சேர்த்தது நிலைக்கிறது. 2022இல் உதகையின் 200ஆம் ஆண்டைக் கொண்டாடியபோது சல்லிவனுக்குச் சிலை வைத்தார்கள். நல்லதே. அவர் காலத்துச் சுவர்களுக்கு என்ன சாந்து வைக்க வேண்டும் என்று தெரிந்த கொத்தனார்கள் நம் மலையில் எத்தனை பேர் மிச்சமிருக்கிறார்கள் என்பதையும் யாரேனும் கணக்கெடுத்தால் இன்னும் நல்லது. அப்பாவுக்குச் சுண்ணாம்பு வேலை கற்றுக்கொடுத்த மேஸ்திரி இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன.

சென்ற மாதம் அப்பாவுக்கு மற்றொரு பழைய பங்களாவில் வேலை வந்தது. இந்த முறையும் சிமெண்டுப் பூச்சுதான் கேட்டார்கள். அப்பா நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, என்னிடம் ஒரு முழுத் தாளைக் கொடுத்து, “நீ சொன்னதை எழுது. பெரிய எழுத்துல எழுது” என்றார். மூட்டு, மூச்சு, சொட்டு நீர் எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். அவர் இரண்டு கட்டிகளையும் தாளில் சுற்றி எடுத்துப் போனார். அந்த வீட்டு அம்மையார் தாமே சொட்டு விட்டுப் பார்த்தாராம். சுண்ணாம்பு மேட்டுப்பாளையத்திலிருந்து வந்து இறங்கிவிட்டது. வரும் சனிக்கிழமை நீற்றுகிறார்கள். எனக்கு அன்று வகுப்பில்லை.